மரத்தில் கட்டிய மாளிகையும் நம் கிராமத்து மச்சும்

(காந்தலூரில் நடந்த அங்கத்தினர் குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் உடுமலைப்பேட்டை தாண்டி, சின்னாறு காட்டுக்குள் புகுந்து, மறையூர் சந்தன மரங்களை வேலிக்கு இந்தப்புறம் நின்று பார்த்துவிட்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். மரத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. சந்தனத்தில் வீடு கட்டுவாரில்லை என்பது வேறு விஷயம். எனக்குக் கொடுத்த தலைப்பு 'மர வீடுகள்'. ஓய்வு பெற்ற சிவில் இன்ஜினீயரைக் கூப்பிட்டால் கான்கிரீட்டைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்து யாரும் எழுந்து போய்விட வேண்டாம். முப்பத்து மூன்று வருஷம் கான்கிரீட் போட்டவன்தான் நான். ஆனாலும் இன்று பேசப்போவது மரத்தைப் பற்றியே.

நம் சபையில் பாதிப் பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். இங்கிலாந்து போய்வந்தவர்கள் ஆல்பத்தில் ஒரு போட்டோ கட்டாயம் இருக்கும். வெள்ளைச் சுவரில் கறுப்புக் கறுப்பாகக் கட்டம் போட்ட வீடு, அதன் முன்னால் மாமி ஷால் போர்த்திக்கொண்டு நிற்பார். அந்தக் கறுப்புக் கட்டங்கள் அலங்காரம் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் அந்த வீட்டின் எலும்புக்கூடே அதுதான். ஓக் மரத்தில் தூணும் உத்தரமும் குறுக்குச் சட்டமும் பூட்டி முதலில் கூடு நிறுத்திவிடுவார்கள். நடுவில் உள்ள கட்டங்களைப் பிறகு அடைப்பார்கள். எதை வைத்து என்றால், வளைந்து கொடுக்கும் குச்சிகளைப் பின்னி, அதன்மேல் களிமண்ணும் சாணியும் வைக்கோலும் குழைத்து அப்புவதுதான். துரைமார் வீட்டில் சாணியா என்று கேட்காதீர்கள். அதே சாணிதான். இங்கே காந்தலூர் மலைச்சரிவில் முதுவர்கள் மூங்கிலும் ஈற்றையும் பின்னி மண் பூசிக் கட்டிவந்த குடிசைக்கும் அந்த மாளிகைக்கும் சுவர் சூத்திரம் ஒன்றே. மண்ணையும் குச்சியையும் கையில் வைத்திருக்கும் மனுஷன் எந்த தேசத்திலும் கிட்டத்தட்ட ஒரே முடிவுக்குத்தான் வருகிறான்.

அப்படிப்பட்ட வீடுகளில் பிரசித்தமானது செஷயர் பக்கத்தில் காங்கிள்டன் என்ற ஊருக்கு அருகே உள்ள லிட்டில் மோர்டன் ஹால். சுற்றிலும் அகழி, நடுவே மர மாளிகை. மோர்டன் குடும்பத்தார் 1500களின் தொடக்கத்தில் ஆரம்பித்து ஏறக்குறைய நூறு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார்கள். உச்சியில் அறுபது அடிக்கு மேல் நீளமான ஒரு கூடம் இருக்கிறது. கீழே கட்டி முடித்த பிறகு யோசனை வந்து மேலே ஏற்றியது. அதன் கூரையில் ஓடு இல்லை, கனமான கல் பலகைகள். அந்த பாரம் தாங்காமல் கீழ்த் தளமெல்லாம் நெளிந்து, வீடே இப்போது வயசான பாட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் நிற்கிறது. இரும்புக் கம்பிகளால் இழுத்துப் பிடித்துவைத்திருக்கிறார்கள். இன்ஜினீயர் என்ற முறையில் எனக்கு அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் நிற்கிறது. இணைப்புகளில் ஆணி இல்லை, மர முளைகள். ஓக்கைப் பச்சையாகவே வெட்டிச் செதுக்கிப் பூட்டுவார்கள். காயக் காய மரம் சுருங்கி முளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கூடு அசைந்தாலும் பிரிந்து போகாததற்கு அது ஒரு காரணம். 1938லிருந்து நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் பராமரிப்பில் அந்த வீடு இருக்கிறது.

அங்கே ஒரு ஜன்னல் மேல் 1559ஆம் வருஷத்தோடு அதைச் செய்த தச்சரின் பெயரும் செதுக்கியிருக்கிறது. ரிச்சர்ட் டேல். நம் பக்கத்தில் எத்தனை வீட்டில், எத்தனை கோயிலில், ஆசாரியின் பெயர் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெருந்தச்சன் என்று கதையில் ஒருவரைச் சொல்கிறோம். அதற்கப்புறம் எல்லோரும் 'ஆசாரி' என்ற ஒரே பெயர்தான்.

இன்னொன்று. அந்தக் கறுப்பும் வெள்ளையும் பல வீடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த மோஸ்தர். அதற்கு முன் ஓக் மரத்தைத் தார் பூசாமல் விட்டுவிடுவார்கள், அது வெளுத்து வெள்ளி மாதிரி ஆகும். நம்மவர்கள் தேக்குக் கதவுக்குப் பச்சை எனாமல் அடித்தது நினைவுக்கு வருகிறதா? எல்லா ஊரிலும் அந்தக் காலம் ஒன்று வந்துபோகிறது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மர மாளிகை என்றால் நமக்கு முதலில் சொல்ல வேண்டியது பத்மநாபபுரம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் தக்கலை, அங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர். பூமி தமிழ்நாடு, அரண்மனை கேரள அரசாங்கத்தின் தொல்பொருள் இலாகாவுடையது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்யாகுமரி ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது ஏற்பட்ட ஏற்பாடு. இரண்டு ராஜ்யமும் எதெதற்கோ சண்டை போடுகின்றன, இந்த ஒரு விஷயத்தில் அறுபது எழுபது வருஷமாக ஒழுங்காக நடந்துகொண்டிருக்கின்றன. வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னால் அந்த அரண்மனை சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூன்று பேரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் எழுந்தருளும்போது களியக்காவிளையில் இரு ராஜ்யத்துப் போலீஸும் மரியாதை செய்கிறார்கள். ஒரு தரமாவது போய்ப் பார்க்க வேண்டிய காட்சி.

1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டியது என்று சொல்வார்கள். அதில் தாய்க்கொட்டாரம் என்ற பழைய பகுதி அதற்கும் முந்தியது என்றும் சொல்வதுண்டு. நடுவில் முற்றம், நாலு பக்கமும் கட்டு. நாலுகெட்டு என்றால் பாலக்காட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதன் ஓரத்தில் ஏகாந்த மண்டபம் என்று ஓர் இடம். அங்கே நிற்கும் ஒற்றைப் பலாமரத் தூணில் பூவும் கொடியும் செதுக்கியிருக்கும் நேர்த்தியைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை. பிறகு மார்த்தாண்டவர்மா 1729இல் பட்டத்துக்கு வந்து, 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை ஜயித்து, 1750இல் ராஜ்யத்தையே பத்மநாபஸ்வாமிக்கு சமர்ப்பணம் செய்தார் அல்லவா, இன்றைக்கு நாம் பார்க்கும் பெரும்பகுதி அவர் காலத்து வேலை. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. போனதும் நல்லதாயிற்று என்பது என் அபிப்பிராயம். ராஜா தொடர்ந்து அங்கேயே இருந்திருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடித்துவிட்டு வெள்ளைக்கார பாணியில் தூண் வைத்துக் கட்டியிருப்பார்கள்.

உள்ளே நுழைந்ததும் பூமுகம். தலையை நிமிர்த்தி மேலே பார்த்தால் விதானத்தில் 90 பூக்கள், ஒன்று போல் ஒன்று இல்லை. பக்கத்தில் குதிரை வீரன் உள்ள தூக்கு விளக்கு. எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அப்படியே நிற்கும். மேலே குறுகலான படியேறினால் மந்திரசாலை. ராஜா மந்திரிகளோடு ஆலோசனை செய்த இடம். இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல ஆசை. சுவருக்குப் பதிலாக மரச்சட்டம், அதில் சாய்வாகச் செருகிய பலகைகள். உள்ளே இருப்பவனுக்கு வெளியே நடப்பது தெரியும், வெளியே நிற்பவனுக்கு உள்ளே யார் என்று தெரியாது. காற்று வரும், வெயில் வராது, மழைச்சாரலும் வராது. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் அப்ரகத் தகடுகள், காக்காப்பொன் என்போமே அதுதான். நட்டநடுப் பகலில் சித்திரை வெயிலில் தக்கலையிலிருந்து வேர்த்து விறுவிறுத்துப் போய் அந்த அறைக்குள் நுழையுங்கள். ஏ.சி. இல்லை, ஃபேன் இல்லை, உடம்பு ஆறிவிடும். நான் வேலை பார்த்த காலத்தில் கட்டிய ஆபீஸ்களில் மூன்று மணிக்கு உட்கார முடியாது. அது ஏன் என்று எனக்குப் பதில் கிடைத்தது இந்த அறையில்தான்.

தரை கறுப்பாகக் கண்ணாடி போல் முகம் தெரியும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு இன்னும் ஏதேதோ சேர்த்துத் தேய்த்தது என்று சொல்வார்கள். முட்டை என்றதும் முன் வரிசையில் இரண்டு மாமிகள் முகத்தைச் சுளித்தது எனக்குத் தெரிகிறது. இருநூறு வருஷம் ஆயிற்று, தோஷம் இருந்தாலும் போயிருக்கும்.

உப்பரிகை மாளிகை நாலு அடுக்கு. கீழே பொக்கிஷம், அதற்கு மேல் ராஜாவின் சயன அறை, பல மூலிகை மரங்களைச் சேர்த்துச் செய்த கட்டில் அங்கே இருக்கிறது. அதற்கு மேல் ராஜா தனித்திருந்த அறை. உச்சியில் பத்மநாபஸ்வாமிக்கென்றே ஓர் அறை, சுவர் முழுவதும் சித்திரம். ராஜ்யம் ஸ்வாமியுடையது, ராஜா அவருக்குக் கீழே குடியிருக்கிறவர் என்பதை அடுக்கு அடுக்காகக் கட்டியே காட்டியிருக்கிறார்கள்.

நம்மவர்களுக்குச் சம்பந்தமுள்ள இடம் ஒன்று உண்டு. ஊட்டுப்புரை. இரண்டு தளம், தளத்துக்கு ஆயிரம் பேர் வீதம் இலை போடலாம். கீழே பெரிய பெரிய சீனப் பரணிகள், ஊறுகாய்க்கு. நம் கொள்ளுத்தாத்தாக்களில் எத்தனையோ பேர் பாலக்காட்டிலிருந்து தெற்கே நடந்து திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகளில் சாப்பிட்டுத்தான் சம்ஸ்கிருதமும் சங்கீதமும் சமையலும் படித்தார்கள். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த அன்னம் சர்க்கார் பணத்தில் வந்தது, வரி கொடுத்த குடியானவனுக்கு அந்தப் பந்தியில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் கூடத்தில் நின்றபோது எனக்கு இரண்டும் ஞாபகம் வந்தது. கட்டடத்தைப் பொறுத்தவரை, நடுவே வரிசையாகத் தூண்கள் நிறுத்தி, அவ்வளவு நீளத்துக்கு மரத்தளம் போட்டு, மேலே ஆயிரம் பேர் உட்கார்ந்தாலும் ஆடாமல் செய்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

கேரள மர வேலைக்கும் இங்கிலாந்து மர வேலைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். அவர்கள் தங்கள் சாமர்த்தியத்தைச் சுவரில் காட்டினார்கள், நாம் கூரையில் காட்டினோம். காரணம் மழை. வருஷத்துக்கு நூறு அங்குலத்துக்கு மேல் பெய்யும் தேசத்தில் சுவரை அழகு பண்ணிப் பிரயோஜனமில்லை, சுவரின் மேல் தண்ணீர் படாமல் காப்பாற்ற வேண்டும். அதற்குத்தான் செங்குத்தான கூரையும், கீழே குனிந்து நுழைகிற அளவுக்கு இறங்கிய இறவாரமும்.

நம் வீட்டுக் கூரையைக் கீழிருந்து மேலே பாருங்கள். சுவரின் தலையில் சுற்றிலும் படுத்திருப்பது உத்தரம். அதன்மேல் சாய்ந்து ஏறுவது கழுக்கோல். எல்லாக் கழுக்கோலும் உச்சியில் போய்ச் சேரும் இடம் மோந்தாயம். கழுக்கோல்களின் நுனியை ஒன்றாகக் கட்டும் பலகை வாமடை. கழுக்கோல் ஒவ்வொன்றிலும் துளை போட்டு, எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு ஒரு சட்டம் போகும், அதுதான் வளை. மாலையில் நூல் போல. ஒரு கழுக்கோல் தனியாக அசைய முடியாது. மூலைக்கு வரும்போது கழுக்கோல்கள் நீளம் குறைந்துகொண்டே போகும், சாய்வும் மாறும், ஆகவே துளையின் கோணமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. எல்லாத் துளையும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், வராவிட்டால் வளை நுழையாது. இதையெல்லாம் தரையிலேயே கணக்குப் போட்டு, செதுக்கி, மேலே ஏற்றிப் பூட்டுவார்கள். ஆணி கிடையாது. நான் காலேஜில் இரண்டு செமஸ்டர் டிராயிங் படித்தவன். எனக்கு அதை வரையவே அரை நாள் ஆகும். பள்ளிக்கூட வாசல் மிதிக்காத ஆசாரி ஒரு கோலை வைத்துக்கொண்டு முடித்துவிடுவார்.

கோல் என்றால் 24 அங்குலம். இந்த அங்குலம் இஞ்சு இல்லை, நம் விரல் கணக்கு, ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். ஆக ஒரு கோல் 72 சென்டிமீட்டர். பதினாறாம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் மூஸது எழுதிய மனுஷ்யாலய சந்திரிகையை இன்றைக்கும் ஆசாரிமார் பிரமாணமாகக் கொள்கிறார்கள். அதில் யோனிக் கணக்கு வருகிறது. வீட்டுக் கட்டின் சுற்றளவைக் கோலில் அளந்து மூன்றால் பெருக்கி எட்டால் வகுக்க வேண்டும். மீதி ஒற்றைப்படையாக வந்தால் உத்தமம். 35 கோல் என்றால் 105, எட்டால் வகுத்தால் மீதி 1, எடுக்கலாம். 36 கோல் என்றால் 108, மீதி 4, ஆகாது. 'ஏன் மாமா மூன்றால் பெருக்கணும்?' என்று நேற்று பஸ்ஸில் ஒரு பேரன் கேட்டான். கோலில் 24 அங்குலம், அதாவது எட்டு எட்டாக மூன்று பங்கு. மூன்றால் பெருக்கினால் சுற்றளவு முழுவதும் எட்டு அங்குலப் பங்குகளாக மாறிவிடும், அவ்வளவுதான். சாஸ்திரம் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்குத் தெரிந்த பலன் வேறு. ஊரில் எல்லா ஆசாரியும் ஒரே அளவு வரிசைக்குள் வேலை செய்கிறபோது ஒருத்தர் ஆரம்பித்ததை அவர் மகன் முடிக்கலாம், ஒரு வீட்டுக் கழுக்கோல் உளுத்தால் அளவு தேடாமல் புதுசு செய்யலாம். அளவுக்கு ஓர் ஒழுங்கு இருந்தால் ரிப்பேர் சுலபம்.

மரம் எங்கிருந்து வந்தது? தேக்கு, பலா, அயனி. காடு பக்கத்திலேயே இருந்தது. நம் ஜில்லாவில் பறம்பிக்குளத்தில் கன்னிமாரா தேக்கு என்று ஒன்று நிற்கிறது. சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். அது போன்றவற்றை வெட்டித்தான் உத்தரமும் தூணும் வந்தன என்பதையும் மறக்கக்கூடாது. அப்படிப்பட்ட மரம் இனிமேல் எந்தப் பணத்துக்கும் கிடைக்காது. ஆகவே நம் வீட்டு மச்சில் இருக்கும் மரம் திரும்ப வாங்க முடியாத மரம். நான் இங்கே வந்து பேச ஒப்புக்கொண்டதே இதைச் சொல்லத்தான்.

கல்பாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கத்தினர்களில் பலருக்கு ஏதாவது ஓர் அக்ரஹாரத்தில், அதாவது நம் பேச்சில் 'கிராமத்தில்', ஒரு வீடோ வீட்டில் பங்கோ இருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, ரெண்டாம் கட்டு, கொட்டில் என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டு போகும். தெரு முழுக்க ஒரே நீளக் கூரை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதன்மேல் இரண்டு வீட்டு மரமும் உட்கார்ந்திருக்கும். அரண்மனை தனியாக நிற்கும், அக்ரஹாரத்து வீடு தனியாக நிற்காது. இதுதான் பெரிய சிக்கல். நடுவில் ஒருவர் இடித்துவிட்டு மொட்டை மாடி போட்டால், இரண்டு பக்கத்து வீட்டு உத்தரமும் நுனியில் மழைக்குத் திறந்துவிடும். கான்கிரீட்டும் ஓடும் சந்திக்கிற இடத்தில் எவ்வளவு தார் பூசினாலும் ஒழுகும். மூன்றாவது வருஷம் பக்கத்து வீட்டுக்காரரும் 'இனிமே இது தாங்காது' என்று இடிப்பார். ஒரு வரிசை போவதற்குப் பத்து வருஷம் போதும். சில கிராமங்களில் நம் கண் முன்னாலேயே போய்விட்டது.

கல்பாத்தியைப் பாரம்பரியப் பகுதியாக அரசாங்கம் அறிவித்திருக்கிறது. மாற்றிக் கட்ட அனுமதி வாங்க வேண்டும். அங்கே குடியிருப்பவர்களுடைய மனஸ்தாபம் நியாயமானதுதான். எண்பது வயசு மாமிக்கு பாத்ரூம் உள்ளே வேண்டும், அதற்கு ஒரு ஃபைல் எத்தனை மேஜை சுற்றும்? வெளியூரில் ஃபிளாட்டில் இருந்துகொண்டு தேருக்கு மட்டும் வந்து 'வீட்டையெல்லாம் அப்படியே வெச்சிருக்கணும்' என்று சொல்லும் நமக்கு அந்தக் கஷ்டம் தெரியாது. ஒழுகுகிற கூரையின் கீழ் பாத்திரம் வைப்பவர் அவர். ஆனால் பாத்ரூமும் நல்ல அடுக்களையும் ரெண்டாம் கட்டில் கட்டிக்கொள்ளலாம், தெருப்பக்கத்துக் கூரையைத் தொட வேண்டியதில்லை. கூரையை விட்டுவிட்டுப் பின்பக்கத்தை மாற்ற சுலபமாக அனுமதி தரும்படி நம் சபையே எழுதிக் கேட்கலாம் என்பது என் யோசனை. நிர்வாகக் குழுவில் தயவுசெய்து இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு விஷயம் ஒன்று சொல்கிறேன். அப்பா காலமான பிறகு அண்ணாவும் நானும் தம்பியும் உட்கார்ந்து பேசினோம். ஒரு காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். உத்தரத்தில் கைவைத்துக்கூடப் பார்க்கவில்லை. 'எல்லாம் செதல் சார், எடுத்துட்டு ஸ்லாப் போட்டுடலாம்' என்றார். மரத்தை அவரே எடுத்துக்கொள்வாராம், அதற்கு ஏதோ ஒரு தொகை கழிப்பாராம். அதே வாரம் லாரியோடு இன்னொருவர் வந்தார். வாசல் கதவு, நிலை, கூடத்துத் தூண் இரண்டு, மச்சுப் பலகை எல்லாவற்றுக்கும் ரொக்கம். எங்கேயோ ஒரு ரிஸார்ட்டுக்காம். தம்பிக்கு சபலம் தட்டிற்று, அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், பெண் கல்யாணம் எதிரில் இருந்தது. மன்னிதான், 'ஒரு ஆசாரி வந்து பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் எது வேணா பண்ணுங்கோ' என்றாள். மூத்தாசாரி ஒருவர் வந்தார். கையில் ஒரு சின்னச் சுத்தியல். உத்தரம் நெடுகத் தட்டிக்கொண்டே போனார். கணீர் கணீர் என்று கேட்டது. பின்பக்க மூலையில், ஓடு உடைந்து வருஷக்கணக்காகத் தண்ணீர் இறங்கிய இடத்தில் மட்டும் பொத்து பொத்து என்றது. இரண்டடி நீளம். அந்த இரண்டடியை அறுத்து எடுத்து, பழைய மரத்தையும் புது மரத்தையும் பல்லுக்குப் பல் கோத்து முளை அடித்தார். கழுக்கோல் நாலு மாற்றினார். ஸ்லாபுக்குச் சொன்ன மதிப்பில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. தம்பிக்குக் கொடுக்க வேண்டியதை அண்ணாவும் நானுமாகப் பங்குபோட்டுக் கொடுத்தோம். வீடு இருக்கிறது.

இப்படி அறுத்து ஒட்டிச் சரிசெய்ய முடிவது மரத்தின் குணம். பிரித்து வேறு இடத்தில் பூட்டவும் முடியும். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தக்ஷிணசித்ராவுக்குப் போயிருப்பீர்கள். புதுப்பள்ளியிலிருந்து ஒரு சிரியன் கிறிஸ்தவர் வீட்டை அப்படியே பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஸஸெக்ஸ் பக்கம் வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் என்ற திறந்தவெளி மியூஸியத்தில் பேலீஃப் என்ற பழைய பண்ணை வீடு இருக்கிறது. அணைக்கட்டு நீர்த்தேக்கத்துக்காக அது இருந்த இடத்தை எடுத்துக்கொண்டபோது சட்டம் சட்டமாகக் கழற்றிக் கொண்டுபோனார்கள். காப்பாற்றியது நல்ல காரியந்தான். ஆனால் மியூஸியத்து அடுக்களையில் புகை வருவதில்லை. கூரை மரத்துக்கு அடுப்புப் புகை நல்லது, பூச்சி அண்டாது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பூட்டிய வீடுதான் முதலில் உளுக்கிறது. யாராவது ஒருவர் விளக்கேற்றி, ஜன்னல் திறந்து, ஓடு நகர்ந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தால் அதுவே பாதி வைத்தியம். பத்மநாபபுரம் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குப் பார்த்துக்கொள்ள இலாகா இருக்கிறது. நம் மச்சுக்கு நாம்தான்.

ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது நாம் பழங்காலத்து ஓடு என்று நினைக்கும் தட்டையோடு 1860களில் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தொழிற்சாலை வைத்த பிறகு பரவியது. அதற்கு முன் சின்ன நாட்டோடு அல்லது ஓலை. ஆகவே ஓட்டை மாற்றுவதால் பாவம் ஒன்றும் வந்துவிடாது. மரத்தை மாற்றாதீர்கள், ஓட்டைத் தாராளமாக மாற்றுங்கள்.

வீடு உள்ளவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், மாமிகள் குறித்துக்கொண்டால் நடக்கும். மேட மாசத்தில், இடவப்பாதி மழைக்கு ஒரு மாசம் முன்னால், ஓடு இறக்கி அலசி உடைந்ததை மாற்றுங்கள். அப்போதே கழுக்கோல் நுனியையும் உத்தரத்து மூலையையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், நடுவில் பார்த்துப் பிரயோஜனமில்லை, தண்ணீர் மூலையில்தான் நிற்கும். முந்திரித்தோல் எண்ணெய் வாங்கிப் பூசுங்கள். கையில் பட்டால் பொத்துவிடும், ஆகவே பழகின ஆள் பூசட்டும். மர நுனியை சிமெண்டால் மூடிவிடாதீர்கள், உள்ளே ஈரம் தங்கிக் கூழாகிவிடும். ஒழுகுகிறது என்று மச்சுக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு வருஷக்கணக்காக விடாதீர்கள், அதுவும் அதே கதைதான். பக்கத்து வீட்டுக்காரர் இடிக்கப் போகிறார் என்று தெரிந்தால் சண்டைக்குப் போகாமல், பொதுச்சுவரை அவர் தொடுவதற்கு முன்பே ஓர் ஆசாரியையும் ஓர் இன்ஜினீயரையும் கூப்பிட்டு இரண்டு பேர் முன்னிலையில் அளந்து போட்டோ எடுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினீயர் வேண்டுமென்றால் நான் வருகிறேன். ஃபீஸ் கிடையாது, ஒரு டம்ளர் காப்பி போதும். நம்பர் காரியதரிசியிடம் இருக்கிறது. ஆசாரிகள் பெயரை ஊர்வாரியாகச் சேர்த்து அடுத்த இதழில் போடும்படி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன், உங்களுக்குத் தெரிந்தவர்களை அவர்கள் சம்மதத்தோடு எழுதி அனுப்புங்கள்.